இரண்டாவது பெட்டி வாங்கிய அண்டை வீட்டாருக்கு

நெய்வேலி நகரியத்துக் குவார்ட்டர்ஸ்களில் வசிக்கும் அண்டை வீட்டாருக்கும், ஓய்வுபெற்று வடக்குத்து, இந்திரா நகர், மந்தாரக்குப்பம் பக்கம் சொந்த வீடு கட்டிப் போன பழைய அண்டை வீட்டாருக்கும்,



நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. குழாயில் தண்ணீர் வரவில்லையா, புகார் எழுதிப் போடுவோம். பலா மரக்கிளை மின்கம்பியில் உரசுகிறதா, புகார். சாக்கடை அடைத்துக்கொண்டதா, அதற்கும் புகார். ஆள் வருவார், பார்ப்பார், சரிசெய்துவிட்டுப் போவார். 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கியதிலிருந்து தாத்தா, அப்பா, பிள்ளை என்று வரிசையாக இப்படியே வாழ்ந்துவிட்டோம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் நம்மைப் பார்த்துப் பொறாமைப்பட இதுவும் ஒரு காரணம்.

ஆனால் நகர நிர்வாகத்தின் எந்தப் பிரிவுக்கும் சொந்தமில்லாத ஒரு பொருள் இப்போது எல்லா வீட்டுக்குள்ளும் இருக்கிறது. ஹாலில் டி.வி.க்குப் பக்கத்தில் விளக்கு மினுக்கிக்கொண்டு கிடக்கும் வைஃபை பெட்டி. இணைப்புக் கொடுக்க வந்தவர் அவசரமாக மாட்டினார். பாஸ்வேர்டாக உங்கள் செல்போன் எண்ணையே போட்டுவிட்டுப் போனார். அதன்பிறகு அதை யாரும் திறந்து பார்த்ததில்லை. அதற்கு நகர நிர்வாகத்தில் புகார் எழுத முடியாது. இணைப்புத் தரும் நிறுவனமோ தன் கம்பி வந்து முடியும் இடம் வரைதான் பொறுப்பேற்கும். அதற்கு அப்பால் உங்கள் வீட்டுக்குள் நடப்பது உங்கள் பாடு.

இந்த மடலை எழுத வைத்தது அந்தப் பெட்டி அல்ல, அதற்குத் துணையாக நீங்கள் வாங்கிவரும் இரண்டாவது பெட்டி.

பழைய குவார்ட்டர்ஸ் சுவர்களின் கனம் உங்களுக்குத் தெரியும். ஹாலில் இருக்கும் பெட்டியின் அலை நடு அறையைத் தாண்டி, பீரோவைத் தாண்டி, சமையலறைக்குப் போய்ச் சேரும்போது மூச்சு வாங்குகிறது. பின்பக்கத் தோட்டத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இலைகளில் உள்ள நீர் வைஃபை அலையை விழுங்கும். மழையில் நனைந்த மாமரத்துக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்து வீடியோ கால் பேசிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். நைட் ஷிப்ட் முடித்து வந்து கடைசி அறையில் படுத்திருக்கும் அப்பாவுக்குத் தொந்தரவு இல்லாமல் பிள்ளை வராந்தாவில் உட்கார்ந்து நீட் வகுப்பு பார்க்க வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் மகள் கூப்பிட்டால் பாட்டி கட்டிலில் இருந்தபடியே பேச வேண்டும். ஆக, இரண்டாவது பெட்டி தேவைதான். கடைக்காரரும், ‘சும்மா ஒயரைச் சொருகுங்க சார், வேலை செய்யும்’ என்கிறார்.

சொருகுகிறீர்கள். வேலையும் செய்கிறது. அப்புறம் ஒரு நாள் போன், ‘வைஃபை இருக்கிறது, இணையம் இல்லை’ என்கிறது. ஹாலில் இருக்கும் பிரிண்டர் கடைசி அறை லேப்டாப்புக்குத் தெரிவதில்லை. எல்லாவற்றையும் அணைத்துப் போட்டால் சரியாகிறது, மறுபடியும் கெடுகிறது. ‘நெட் கம்பெனிக்காரன் சரியில்லை’ என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறீர்கள். பெரும்பாலும் அவர்கள்மேல் தப்பு இருக்காது. உங்கள் வீட்டுக்குள்ளேயே இரண்டு அதிகாரிகள் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள்.

எப்படியென்று நம் ஊர்க் கணக்கிலேயே சொல்கிறேன். வீட்டில் உள்ள ஒவ்வொரு போனுக்கும் டி.வி.க்கும் லேப்டாப்புக்கும் ஓர் ஐ.பி. முகவரி வேண்டும். 192.168.1.25 என்பது போல நான்கு எண்கள் இருக்கும். முதல் மூன்றையும் பிளாக் எண் என்று வைத்துக்கொள்ளுங்கள், கடைசி எண் வீட்டு எண். 255.255.255.0 என்று ஒன்று கேட்குமே, அந்த சப்நெட் மாஸ்க் செய்யும் வேலை, முகவரியில் எதுவரை பிளாக், எதற்குமேல் வீடு என்று கோடு கிழிப்பது. கேட்வே என்பது நம் ஊர் நுழைவாயிலான ஆர்ச் கேட். பிளாக்குக்குள் இருக்கும் வீட்டுக்குத் தகவல் நேராகப் போகும், வெளியூர் போவதானால் கேட் வழியாகத்தான் போக வேண்டும். டி.எச்.சி.பி. என்பது குவார்ட்டர்ஸ் அலாட்மென்ட். வந்தவருக்கு எந்த வீடு காலியோ அதை ஒதுக்கி, இத்தனை நேரத்துக்கு என்று குத்தகையும் எழுதித் தரும். நீங்கள் வாங்கிவந்த இரண்டாவது பெட்டியும் கடையிலிருந்து வரும்போதே ஓர் அலாட்மென்ட் மேசையோடுதான் வருகிறது. இரண்டு மேசைகளும் ஒன்றையொன்று கேட்காமல் ஒரே பிளாக்கில் வீடு ஒதுக்கினால் என்ன ஆகும்? ஒரே வீட்டுக்கு இரண்டு பேர் சாவியோடு வந்து நிற்பார்கள். போதாக்குறைக்கு இரண்டு பெட்டிகளுமே ‘நான்தான் ஆர்ச் கேட்’ என்று 192.168.1.1 என்ற பலகையை மாட்டிக்கொண்டு நிற்கும்.

உலகம் முழுவதும் வீட்டுப் பெட்டிகளில் இதே 192.168 வருவது தற்செயல் அல்ல. உட்புற வலையமைப்புகளுக்கென்று மூன்று முகவரித் தொகுதிகளை ஒதுக்கி வைக்கும் இன்றைய விதி 1996-இல் வந்தது. அவை வெளி இணையத்தில் செல்லாது. அதனால்தான் உங்கள் வீட்டிலும், எதிர்வீட்டிலும், நியூ ஜெர்சியில் மகள் வீட்டிலும் அதே எண் இருந்தும் குழப்பம் வருவதில்லை. ஒரே வீட்டுக்குள் இரண்டு முறை வந்தால்தான் வம்பு.

தீர்வு எளிது. இரண்டாவது பெட்டியின் அதிகாரத்தைப் பறித்து, அலை பரப்பும் வேலையை மட்டும் விட்டுவைக்க வேண்டும். அப்படி ஆன பெட்டிக்குப் பெயர்தான் ஆக்சஸ் பாயின்ட். இப்போது வரும் பல பெட்டிகளில் ‘ஆக்சஸ் பாயின்ட் மோட்’ என்றே ஒரு பொத்தான் உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால் பாதி வேலை முடிந்தது. பழைய பெட்டியானால் கையால் செய்ய வேண்டும். அதைத்தான் கொஞ்சம் நிதானமாகச் சொல்லப்போகிறேன். தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம்.

முதலில் ஹாலில் உள்ள பெரிய பெட்டியைத் திறந்து பாருங்கள். அதன் முகவரியை பிரவுசரில் தட்டினால் அமைப்புப் பக்கம் வரும். முகவரியும் நுழையும் பெயரும் பெட்டியின் அடியில் ஒட்டிய சீட்டில் இருக்கும். உள்ளே டி.எச்.சி.பி. எந்த எண்ணிலிருந்து எந்த எண்வரை ஒதுக்குகிறது என்று பாருங்கள். பலவற்றில் 2 முதல் 254 வரை என்று முழு பிளாக்கையும் எடுத்துக்கொண்டிருக்கும். அதை 20-இலிருந்து தொடங்கும்படி மாற்றிவிடுங்கள். இப்போது 2 முதல் 19 வரை உங்கள் கைக்கு வந்துவிட்டது. யாருக்கும் தானாக ஒதுக்கப்படாத எண்கள் அவை. ஆக்சஸ் பாயின்ட், பிரிண்டர், கேமரா என்று இடம் மாறாமல் இருக்க வேண்டியவற்றுக்கு அதிலிருந்து கொடுக்கலாம்.

அடுத்து புதுப் பெட்டி. அதை இன்னும் பெரிய பெட்டியோடு இணைக்காதீர்கள். லேப்டாப்பைத் தனியாக அதில் மட்டும் மாட்டி, உள்ளே போய், அதன் லேன் (வீட்டுக்குள் உள்ள வலை) முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள். மாஸ்க் 255.255.255.0. கேட்வேயும், தளப் பெயருக்கு முகவரி தேடித் தரும் டி.என்.எஸ்.ஸும் கேட்டால் இரண்டுக்கும் பெரிய பெட்டியின் முகவரி 192.168.1.1. சேமி என்று அழுத்துவீர்கள். உடனே திரை உறைந்துபோகும், பக்கம் வராது. பலர் இந்த இடத்தில்தான் பயந்து, பின்னாலுள்ள சின்னத் துளையில் குண்டூசியைக் குத்திப் பெட்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். ஒன்றும் கெட்டுவிடவில்லை. பெட்டி வீடு மாறிவிட்டது, நீங்கள் பழைய வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். புது முகவரியைத் தட்டுங்கள், வரும். லேப்டாப் அடம்பிடித்தால் கேபிளை ஒருமுறை கழற்றி மாட்டுங்கள்.

வைஃபை பெயர், பாஸ்வேர்டு எல்லாவற்றையும் அமைத்து முடித்து, டி.எச்.சி.பி.யை அணைப்பதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். முதலிலேயே அணைத்தால் உங்கள் லேப்டாப்புக்கு முகவரி தர ஆளிருக்காது, நீங்களே உள்ளே நுழையத் திண்டாடுவீர்கள். அணைத்தபின் பெரிய பெட்டியின் லேன் துளையிலிருந்து வரும் கேபிளைப் புதுப் பெட்டியின் லேன் துளையிலேயே சொருகுங்கள். தனி நிறத்தில், இணையம் உள்ளே வருவதற்கென்று இருக்கும் துளையில் வேண்டாம். அதில் சொருகினால் பெட்டி தன் பின்னால் வேறொரு பிளாக் கட்டிக்கொள்ளும். பிரிண்டர் தெரியாமல் போவதன் காரணம் அதுதான். ஆக்சஸ் பாயின்ட் மோட் உள்ள பெட்டிக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை, அதன் கையேடு சொல்லும் துளையில் சொருகலாம்.

பெயர் வைப்பதில் ஒரு சந்தேகம் எல்லோருக்கும் வரும். இரண்டு பெட்டிக்கும் ஒரே பெயரா, வேறு வேறா? ஒரே பெயரும் ஒரே பாஸ்வேர்டும் ஒரே பாதுகாப்பு முறையும் வையுங்கள். நடந்துபோகும்போது போன் தானே மாறிக்கொள்ளும். சில போன்கள் பழைய பெட்டியையே பிடித்துத் தொங்கும் என்பதும் உண்மை. அப்போது இரண்டு பெட்டிகளின் அலை வலிமையையும் ஒரு படி குறைத்துப் பாருங்கள். கூட்டுவதைவிடக் குறைப்பது பல நேரங்களில் பலன் தரும்.

இனி பாஸ்வேர்டு. இரண்டு வேறு பாஸ்வேர்டுகள் உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. ஒன்று வைஃபையில் சேர்வதற்கு. இன்னொன்று பெட்டியின் அமைப்புப் பக்கத்துக்குள் நுழைவதற்கு. முதலாவதை மாற்றியவர்கள்கூட இரண்டாவதை ‘அட்மின்’ என்றே விட்டுவைத்திருக்கிறார்கள். 2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் மோடம்கள் ஆயிரக்கணக்கில் முடங்கியது நினைவிருக்கலாம். மாற்றப்படாமல் கிடந்த ஆரம்ப பாஸ்வேர்டு வழியாகத்தான் ஒரு தீநிரல் உள்ளே போனது. வாடிக்கையாளர்களை பாஸ்வேர்டு மாற்றச் சொல்லி நிறுவனமே கேட்டுக்கொள்ள வேண்டி வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு மிராய் என்ற நிரல் செய்ததும் இதுவே. சுமார் 60 ஆரம்ப பாஸ்வேர்டு ஜோடிகளின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டு கேமராக்களிலும் ரவுட்டர்களிலும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, திறந்தவற்றையெல்லாம் தன் படையில் சேர்த்துக்கொண்டது. பூட்டை உடைக்கவே இல்லை.

வைஃபை பாஸ்வேர்டே இல்லாமல் விடுபவர்கள் இப்போது குறைவு. ஆனால் செல்போன் எண்ணை வைப்பது தெருவுக்கே தெரிந்த ரகசியம். 2008 ஜூலை 26-ஆம் தேதி அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சில நிமிடங்களுக்கு முன் ஊடகங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் போனது. புலனாய்வுத் துறை அதன் ஐ.பி. முகவரியைப் பிடித்துக்கொண்டு போய் நின்ற இடம், நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீடு. பூட்டாமல் கிடந்த அவர் வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். விசாரணையில் சிக்கியவர் அவர். அடுத்த ஆண்டே, வைஃபை இணைப்புகளைப் பாதுகாப்பாக வைப்பது பற்றித் தொலைத்தொடர்புத் துறை அறிவுறுத்தல் வெளியிட்டது. உங்கள் வீட்டு இணைப்பில் யார் என்ன செய்தாலும் கதவைத் தட்டப்போவது உங்கள் பெயரைக் கேட்டுத்தான்.

பாதுகாப்பு முறை என்ற இடத்தில் டபிள்யூ.பி.ஏ.2 அல்லது 3 இருக்க வேண்டும். டபிள்யூ.இ.பி. என்ற பழைய முறை 2001-லேயே உடைந்துபோனது. இன்னும் பட்டியலில் அது இருப்பதே வெட்கக்கேடு. பொத்தானை அழுத்தியோ எட்டு இலக்க எண்ணைக் கொண்டோ இணையும் டபிள்யூ.பி.எஸ். வசதியையும் அணைத்துவிடுங்கள். அந்த எட்டு இலக்கத்தைப் பெட்டி இரண்டு பாதியாகச் சரிபார்க்கிறது, கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு எண். அதனால் பத்துக் கோடி முயற்சி தேவைப்பட வேண்டிய இடத்தில் 11,000 போதும் என்று 2011 டிசம்பரிலேயே வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. விருந்தினருக்கு ‘கெஸ்ட்’ வைஃபை நல்ல ஏற்பாடு. ஆனால் அது பெரிய பெட்டியில் இருக்கட்டும். ஆக்சஸ் பாயின்ட்டாக மாற்றிய சில பெட்டிகளில் கெஸ்ட் என்பது பெயருக்குத்தான், உள்ளே வந்தவர் உங்கள் பிரிண்டர்வரை பார்க்க முடியும்.

இதுவரை சொன்னதெல்லாம் அவரவர் வீட்டுச் சமாச்சாரம். அதற்கு ஊருக்கே மடல் எழுத வேண்டியதில்லை. ஊருக்கே எழுத வைத்தது, அந்தப் பெட்டிகள் பேசும் அலைவரிசையான சேனல்.

வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையை உரிமம் இல்லாமல் பயன்படுத்த இந்தியாவில் 2005-இல் வழி பிறந்தது. உரிமம் வேண்டாம் என்றால் யாருக்கும் சொந்தமில்லை, எல்லோருக்கும் பொது என்று பொருள். பட்டியலில் 13 சேனல்கள் இருக்கும். பதின்மூன்று இருக்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ்தான், ஒரு வைஃபை அலைக்குத் தேவையான அகலமோ 20. ஒன்றையொன்று மிதிக்காமல் நிற்க வழக்கமாகப் பயன்படுபவை 1, 6, 11 என்ற மூன்றே. ‘எல்லோரும் 6-இல் இருக்கிறார்கள், நான் 4-க்குப் போகிறேன்’ என்று கெட்டிக்காரத்தனம் செய்பவர்தான் தெருவுக்கு அதிகக் கெடுதல் செய்கிறார். ஒரே சேனலில் இருக்கும் பெட்டிகள் ஒன்றின் பேச்சை மற்றொன்று கேட்டு, முடியும்வரை காத்திருந்து பேசும். அரைகுறையாக மேலே விழும் சேனலில் இருப்பவை ஒன்றுக்கொன்று வெறும் இரைச்சல். அலை அகலத்தை 40 என்று வைத்திருப்பவரும் இந்தப் பட்டையில் இரண்டு பேர் இடத்தை அடைத்துக்கொள்கிறார். தயவுசெய்து 20-க்கு வாருங்கள்.

அடுக்குக் குடியிருப்பில் மாடிப்படியைச் சுற்றி நான்கு வீடுகள், வீட்டுக்கு இரண்டு பெட்டி, எல்லாம் ஒரே சேனலில் என்றால் மாலை ஏழு மணிக்கு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இதை ஒரு வீடு மட்டும் சரிசெய்ய முடியாது. பேசிப் பிரித்துக்கொள்ளத்தான் முடியும். வேகம் வேண்டியவர்கள் 5 கிகாஹெர்ட்ஸுக்குப் போகலாம். 2018 அக்டோபரில் அந்தப் பட்டையில் 605 மெகாஹெர்ட்ஸ் உரிமமின்றித் திறந்துவிடப்பட்டதால் அங்கே இடம் தாராளம். சுவரைத் தாண்டத் தெம்பு கம்மி என்பது அதன் குறை. அண்டை வீட்டுக்கு அது குறையல்ல, நிறை.

ஊர்க்காரர்களால் இதெல்லாம் ஆகுமா என்று கேட்பவர்களுக்குத் தேனியைக் காட்டுகிறேன். 2005-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தேனி அரவிந்த் கண் மருத்துவமனை, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி ஆய்வாளர்களோடு சேர்ந்து, சுற்று ஊர்களின் சிறு கண் மையங்களை வைஃபை மூலமே இணைத்தது. நாம் வீட்டில் வைத்திருக்கும் அதே தொழில்நுட்பத்தைத் திசை ஆன்டெனாவோடு உயரக் கோபுரத்தில் ஏற்றிப் பல கிலோமீட்டர் தாண்ட வைத்தார்கள். கிராமத்து நோயாளி தன் ஊரிலேயே உட்கார்ந்து தேனி மருத்துவரோடு திரையில் பேசினார். அலை போய்த் திரும்பும் நேரம் கூடியதால், பதில் வரவில்லை என்று பெட்டி அவசரப்பட்டு மறுபடி அனுப்பிக்கொண்டே இருந்தது. நிரலை மாற்றி எழுதி அதைத் தீர்த்தார்கள். அதைவிடப் பெரிய தலைவலி மின்சாரம். ஏறி இறங்கும் மின்னழுத்தமும் வெட்டி வெட்டி வரும் கரன்ட்டும் பெட்டிகளைக் கெடுத்தன. ஆய்வாளர்கள் ஊர் திரும்பிய பின்னும் வலையமைப்பு ஓட வேண்டுமானால் அங்கிருக்கும் ஊழியர்களே அதைப் பார்த்துக்கொள்ளப் பழக வேண்டும் என்பதுதான் அவர்கள் எழுதிவைத்த அனுபவம். தேனியில் முடிந்தது, அனல் மின் நிலையக் கன்ட்ரோல் ரூமில் காலம் கழித்தவர்கள் நிறைந்த நம் ஊரில் முடியாதா?

மின்சாரம் என்றதும் இன்னொன்று. மரத்துக்கு மரம் தாவவிட்டுத் தோட்டத்தின் வழியே லேன் கேபிள் இழுத்திருக்கிறீர்கள் சிலர். வீட்டுக்குள் போடும் கேபிளின் மேல்தோல் வெயிலில் வெடித்துவிடும், பி.வி.சி. குழாய்க்குள் விடுங்கள். ஐப்பசி இடி அதன்மேல் நேராக விழ வேண்டும் என்பதில்லை. பக்கத்தில் விழுந்தாலே கேபிளில் பாயும் மின்வீச்சு இரண்டு முனையிலும் உள்ள துளைகளைக் கருக்கிவிடும். இடிக்கும்போது மின்பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, லேன் கேபிளையும் கழற்றி வையுங்கள். 2011 டிசம்பர் 30-இல் ‘தானே’ புயல் கடலூர்க் கரையைக் கடந்தபோது எத்தனை மரங்கள் சாய்ந்தன என்பதை நாம் பார்த்திருக்கிறோம். மரத்தை நம்பிக் கேபிள் கட்டாதீர்கள்.

எழுதிவையுங்கள். பெரிய பெட்டியின் முகவரி, ஆக்சஸ் பாயின்ட்டின் முகவரி, டி.எச்.சி.பி. எந்த எண்ணில் தொடங்குகிறது, எந்தப் பெட்டி எந்தச் சேனல், கடைசியாக மென்பொருள் புதுப்பித்த தேதி. ஒரு பக்கம் போதும். லாக் புக் எழுதாமல் ஷிப்ட் ஒப்படைத்தவர் நம்மில் யாராவது உண்டா? வீட்டில் மட்டும் ஏன் எல்லாம் பிள்ளையின் தலைக்குள்ளேயே இருக்க வேண்டும்? அவன் சென்னைக்கு வேலைக்குப் போனதும் பெட்டிக்கு வாரிசு இல்லாமல் போகிறது.

இந்த ஆண்டு ஓய்வுபெற்றுக் குவார்ட்டர்ஸைக் காலி செய்யப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்டியைத் தம்பி வீட்டுக்கோ பழைய சாமான் கடைக்கோ கொடுக்கும் முன், அந்தக் குண்டூசித் துளையைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். உங்கள் இணைப்பின் பெயரும் பாஸ்வேர்டும் அதற்குள் இருக்கின்றன. சுவரில் மாட்டிய கேமராவுக்கும் இதுவேதான். அடுத்து ஒதுக்கீடு பெற்று வருகிறவர்கள், முன்பிருந்தவர் விட்டுப்போன பெட்டி எதுவாக இருந்தாலும் ரீசெட் செய்யாமல் பயன்படுத்தாதீர்கள்.

என் வீட்டுப் பெட்டிகள் இரண்டும் இன்று முதல் 2.4-இல் சேனல் 1, அகலம் 20. ஒன்று ஹாலில், ஒன்று பின்னறையில், இரண்டுமே வலிமை குறைத்து வைத்தவை. பக்கத்து வீட்டார் 6-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கடுத்தவர் 11. எதிர்வரிசையில் 11, 1, 6 என்ற வரிசையில் வாருங்கள், தெருவுக்குக் குறுக்கே மோதாது. மாற்றத் தெரியாதவர்கள் சங்கடப்படாமல் ஞாயிறு காலையில் கூப்பிடுங்கள், வந்து பக்கத்தில் உட்காருகிறேன். பொத்தானை மட்டும் நீங்கள்தான் அழுத்த வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தெருக்காரன்